உருளைக்கிழங்கில் ஊர் திரும்பிய பூமரம்

உருளைக்கிழங்கை நாம் கறிக்காகத்தான் வாங்குகிறோம். சாக்கில் கிடந்தாலும் பல நாட்கள் வாடாமல் இருக்கும் அந்தக் கிழங்குக்குள் அல்லாஹுத்தஆலா எவ்வளவு தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறான் என்பதைச் சிந்தித்துப் பார்ப்பவர்கள் குறைவு. 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒருவர் அதைச் சிந்தித்தார். ஒரு பூமரத்தின் சிறு கொப்புகளை வெட்டியெடுத்து, வெட்டிய முனைகளை உருளைக்கிழங்குகளுக்குள் செருகினார். அவற்றைப் பெட்டியில் அடைத்து, சைபீரியா வழியாகச் செல்லும் ரயிலில் ஏற்றி யப்பானுக்கு அனுப்பி வைத்தார்.

அந்தக் கொப்புகள் ஒரு வெள்ளைச் செரி மரத்தினுடையவை. யப்பானில் பிறந்து, யப்பானிலேயே அழிந்துபோன மரம் அது. அதன் கதையைத்தான் இம்மாதம் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

செரி என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு கேக்கின் மேல் வைக்கும் சிவப்புப் பழம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. யப்பானியர் 'ஸகுரா' என்று அழைக்கும் இந்த மரங்கள் பூவுக்காகவே வளர்க்கப்படுபவை. காட்டில் தானாக முளைக்கும் வகைகளில் சிறிய, கசப்பான பழங்கள் உண்டாகும். பறவைகள் அவற்றைத் தின்று விதைகளைப் பரப்பும். ஆனால் தோட்டங்களுக்கென்று மனிதர்கள் தெரிந்தெடுத்து வளர்த்த அடுக்குப் பூ வகைகள் பெரும்பாலும் காய்ப்பதேயில்லை.

வருடத்தில் ஏறத்தாழ ஐம்பது வாரங்கள் அது ஒரு சாதாரண மரம். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் பார்த்தால் பட்ட மரமோ என்று தோன்றும். மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் சூடு சற்று ஏறியதும், இலைகள் விரியும் முன்பே பல வகைகளில் கொப்பு தெரியாத அளவுக்குப் பூத்துவிடும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். பிறகு ஒரு காற்று, ஒரு மழை, எல்லாம் நிலத்தில்.

அந்தச் சில நாட்களுக்காக யப்பானில் ஊரே வெளியே வந்துவிடும். பாய் விரித்து, குடும்பம் குடும்பமாக மரத்தடியில் அமர்ந்து உண்பார்கள். (மதுவும் அங்கே தாராளமாகப் புழங்கும், அது நமக்கு ஆகாது.) 2023ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஸகுரா முழுமையாக மலர்ந்துவிட்டதாக மார்ச் 22இல் அறிவித்தார்கள். மறுநாள் அங்கே ரமழானின் முதல் நோன்பு. டோக்கியோ ஜாமிஆப் பள்ளிவாசல் 1938இல் கட்டப்பட்டு, பின்னர் 2000ஆம் ஆண்டில் மீண்டும் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டது. அந்த நகரத்து முஸ்லிம்களுக்கு அவ்வருடம் பூவும் பிறையும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

சமையலறைப் பக்கமும் ஒரு செய்தி உண்டு. ஸகுரா இலையை உப்பிலிட்டு, உள்ளே பயற்று இனிப்பு வைத்த அரிசிப் பலகாரத்தை அதில் சுற்றித் தருவார்கள். இலையோடு சேர்த்துச் சாப்பிடலாம். அதேபோல் பூவை உப்பிலிட்டுக் காயவைத்து, சுடுநீரில் போட்டால் அது மெல்ல விரியும். கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளிலும் கலியாண வீடுகளிலும் தேநீருக்குப் பதிலாக இந்தப் பூ நீரையே கொடுப்பார்கள். தேநீரைக் கலங்க வைப்பது என்றால் அவர்கள் பேச்சுவழக்கில் விஷயத்தை மழுப்புவது என்று பொருள் வருமாம். சம்பந்தம் பேசும் இடத்தில் மழுப்பல் ஆகாதல்லவா! இதைக் கேட்டபோது எனக்கு நம்மூர்ப் பெரியம்மாமார்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இனி மரத்தின் கதைக்கு வருவோம்.

ஒட்டு மாங்கன்று வாங்கி நட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நல்ல மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்தால் மரம் வரும். ஆனால் அதே பழம் வரும் என்ற உறுதியில்லை. அதே பழம்தான் வேண்டும் என்றால், அந்த மரத்தின் கொப்பை எடுத்து வேறொரு கன்றில் ஒட்ட வேண்டும். தோட்டச் செரி வகைகளும் அப்படித்தான். நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தோட்டக்காரர் ஒரு மரத்தில் அபூர்வமான பூவைக் கண்டு, அதன் கொப்பை எடுத்து ஒட்டியிருப்பார். அவருடைய மகன் ஒட்டியிருப்பான், பேரன் ஒட்டியிருப்பான். செரி மரத்தின் ஆயுள் நீண்டதல்ல. எனவே ஒரு தலைமுறை கத்தியைக் கீழே வைத்துவிட்டால் அந்த வகை அத்தோடு முடிந்தது. விதை போட்டுத் திரும்பப் பெற முடியாது. குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்கள், தம் உஸ்தாதிடம் கேட்டதை மாணவனுக்கு ஓதிக் காட்டி ஒப்படைக்கும் தொடரை நாம் 'ஸனது' என்கிறோம். இரண்டையும் ஒப்பிடுவது தகாது. ஆயினும் தொடர் அறுந்தால் என்ன ஆகும் என்பதை விளங்கிக்கொள்ள அந்த நினைவு உதவுகிறது.

யப்பானில் அந்தத் தொடர் ஒரு காலத்தில் அறுந்தது. அங்கே பிரபுக்களின் ஆட்சி 1868இல் முடிவுக்கு வந்தது. தலைநகரில் அவர்களுக்கிருந்த பெரிய மாளிகைகளும் தோட்டங்களும் கைவிடப்பட்டன. நாடு அவசர அவசரமாக மேல்நாட்டுப் பாணிக்கு மாறத் தொடங்கியது. தோட்டங்களை அழித்துக் கட்டடங்கள் எழுந்தபோது, அவற்றிலிருந்த செரி வகைகளும் போயின. டோக்கியோவில் தகாகி என்ற தோட்டக்காரர் தம்மால் இயன்ற வகைகளைச் சேர்த்துத் தம் நிலத்தில் வளர்த்து வைத்திருந்தார். அவரிடமிருந்து பெற்ற 78 வகைகளை, 1886இல் அரகாவா ஆற்றின் அணைக்கரை நெடுகிலும் நட்டார்கள். அந்த மரங்களைத் தம் வாழ்நாள் முழுவதும் கண்காணித்து வந்தவர் ஃபுனாட்ஸு ஸெய்ஸாகு என்ற பெரியவர். எந்த மரம் எந்த வகை, எது நோயுற்றிருக்கிறது, எதற்குக் கன்று ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

நாட்டின் மற்ற இடங்களிலோ ஒரே ஒரு வகைதான் எங்கும் நடப்பட்டது. 'ஸொமெய் யோஷினோ' என்பது அதன் பெயர். விரைவாக வளரும், இலை வருமுன் பூக்கும், விலையும் மலிவு. அவை எல்லாம் ஒட்டு மூலம் வந்தவையாதலால் ஓரிடத்தில் நிற்கும் மரங்கள் யாவும் ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிரும். இன்று யப்பானின் படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த வகையைத்தான்.

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். கொலிங்வுட் இங்ரம் என்பவர் 1880இல் லண்டனில் ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஒரு பிரபலமான படப் பத்திரிகையை ஆரம்பித்தவர். இங்ரமுக்கு இளமையில் பறவைகள் மீதுதான் பைத்தியம். முதலாம் உலகப் போரில் விமானப் படையில், விமானங்களின் திசைகாட்டிகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தார். போர் முடிந்து 1919இல் கென்ட் மாகாணத்தில் பெனென்டன் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாங்கினார். தோட்டத்தில் இரண்டு செரி மரங்கள் நின்றன. அவை பூத்ததைப் பார்த்ததோடு அவருடைய மனம் பறவைகளிலிருந்து மரங்களுக்குத் தாவியது. சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட செரி வகைகளை அங்கே சேர்த்துவிட்டார். ஊரார் அவருக்கு 'செரி' இங்ரம் என்றே பெயர் வைத்தார்கள்.

1923இல் ஸஸெக்ஸ் மாகாணத்தில் வின்செல்ஸீ என்ற இடத்திலிருந்த ஒரு சீமாட்டியின் தோட்டத்துக்குச் சென்றார். அங்கே ஒரு மரம் சாகும் தறுவாயில் நின்றது. பெரும்பாலான கொப்புகள் பட்டுப்போயிருந்தன. உயிரோடிருந்த ஓரிரு கொப்புகளில் சில பூக்கள். ஐந்தே இதழ்கள், தூய வெண்மை, அகலமோ ஆறு சென்ரிமீற்றருக்குக் குறையாது. ஒற்றைப் பூச் செரியில் அத்தனை பெரிய பூவை அவர் அதுவரை கண்டதில்லை. பூவோடு சேர்ந்து விரியும் தளிரோ செம்பு நிறம். 1900ஆம் ஆண்டை ஒட்டி, யப்பானிலிருந்து பிரான்ஸின் தென்பகுதிக்கு வந்த கன்றுகளோடு அந்தச் சீமாட்டிக்குக் கிடைத்த மரமாம் அது. பெயர் என்னவென்று அவருக்கும் தெரியாது.

இங்ரம் சில கொப்புகளைக் கேட்டு வாங்கிவந்து ஒட்டினார். அவை பிடித்தன. அந்தச் சீமாட்டி கொடுக்க மறுத்திருந்தாலோ, இவர் இரண்டு வருடம் பிந்திப் போயிருந்தாலோ இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு ரோசாத் தடி கேட்டு வரும்போது சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

1926இல் இங்ரம் யப்பானுக்குப் போனார். அவர் ஏற்கனவே 1902இலும் 1907இலும் அந்நாட்டைப் பார்த்தவர். அப்போது கண்ட பழைய வகைகள் பல இப்போது கண்ணில் படவில்லை. டோக்கியோவிலிருந்த செரி மரச் சங்கத்தில், பிரமுகர்கள் கூடியிருந்த சபையில் அவர் உரையாற்றினார். இப்படியே விட்டால் உங்கள் மரங்களை நீங்களே வெளிநாடுகளில் தேடிப்போக வேண்டிவரும் என்ற கருத்தில் எச்சரித்தார். விருந்துக்கு அழைத்த வீட்டில் போய் இப்படிப் பேசுவதற்குத் துணிவு வேண்டும்.

அந்தப் பயணத்தில்தான் அவர் அரகாவாவின் ஃபுனாட்ஸு பெரியவரைச் சந்தித்தார். ஸகுரா ஓவியங்கள் வரைந்த சுருள்களைப் பெரியவர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் பெரிய வெள்ளைப் பூ. தம் மூதாதை ஒருவர் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு வரைந்தது என்றும், இந்த மரம் கியோட்டோப் பகுதியில் இருந்தது என்றும், இப்போது எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றும் பெரியவர் சொன்னார். இங்ரம் படத்தை உற்றுப் பார்த்தார். சந்தேகமேயில்லை, வின்செல்ஸீயின் மரம்!

அது தம் வீட்டுத் தோட்டத்தில் வளர்வதாக அவர் சொன்னார். பெரியவரின் நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் தேடிய ஒன்று, உலகத்தின் மறு கோடியில், வெள்ளைக்காரர் ஒருவரின் தோட்டத்தில் இருக்கிறது என்றால் நம்புவதா, மரியாதைக்காகத் தலையாட்டுவதா? எப்படியானாலும் அந்த மரத்தைத் திருப்பித் தருவது என்று இங்ரம் உறுதி செய்துகொண்டார்.

சொல்வது எளிது. குளிர்காலத்தில், மொட்டு உறங்கும்போது கொப்பை வெட்டி, அது விழிக்கும் முன் கொண்டுபோய் ஒட்டிவிட வேண்டும். கப்பலில் அனுப்பினால் சூயஸ் கால்வாய் தாண்டி, செங்கடல் தாண்டி, இந்து சமுத்திரத்தின் வெக்கைக்குள் வர வேண்டும். கிழக்கே போகும் கப்பல்கள் வழமையாகத் தொட்டுச் செல்லும் துறைமுகங்களில் நமது கொழும்பும் ஒன்றாயிருந்தது. நம்முடைய இந்தச் சூட்டில் ஒரு குளிர்தேசத்துக் கொப்பு என்ன பாடுபடும் என்று சொல்லவா வேண்டும்? வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து வழியிலேயே தளிர்க்கும். அல்லது காய்ந்து கருகும். ஒரு முறையல்ல, பல முறை அனுப்பியும் தோல்விதான்.

இதற்கிடையில் 1929இல் ஃபுனாட்ஸு பெரியவர் இறந்துபோனார். சுருளில் இருந்த பூவை மரத்தில் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாகத்தான் அந்த உருளைக்கிழங்கு யோசனை. கடல் வழியை விட்டுவிட்டு, குளிர்காலத்து சைபீரியா வழியே ரயிலில் அனுப்பினால் கொப்பு உறக்கம் கலையாது. கிழங்கின் ஈரம் அதை வழியில் காயவும் விடாது. 1932இல் அந்தப் பெட்டி கியோட்டோவை அடைந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழில் செய்துவரும் ஸானோ குடும்பத்தார் கொப்புகளைப் பெற்று ஒட்டினார்கள். இம்முறை பிடித்துக்கொண்டது. 'பெரு வெண்மை' என்ற பொருளில் அதற்குத் 'தைஹாகு' என்று பெயரிட்டார் தகத்ஸுகாஸா என்ற பிரபு. இவரும் ஒரு பறவை ஆராய்ச்சியாளர், இங்ரமின் நண்பர்.

இத்தோடு நிறுத்தினால் இது ஓர் இனிய கதை. ஆனால் அந்த 1932ஆம் ஆண்டில் யப்பான் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முந்திய ஆண்டு செப்டெம்பரில் மஞ்சூரியாவுக்குள் அதன் படைகள் புகுந்திருந்தன. அடுத்த ஆண்டு, 1933 முதல், முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகத்தின் முதல் பாடமே ஸகுரா மலர்ந்ததைப் பற்றியதாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பூவைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதில் குற்றமில்லை. அந்தப் பூவைக் காட்டிப் பின்னர் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதில்தான் குற்றம். ஸகுரா எப்படி வாடிக் கிடக்காமல், பூத்த அழகோடு உதிர்கிறதோ, அப்படியே இளைஞர்களும் சக்கரவர்த்திக்காகத் தயங்காமல் உதிர வேண்டும் என்றார்கள்.

1944 ஒக்டோபரில் பிலிப்பைன்ஸில் முதன்முதலாகத் தற்கொலை விமானப் படைகள் அமைக்கப்பட்டபோது அவற்றில் ஒன்றுக்கு வைத்த பெயர் 'மலை ஸகுரா'. ஆளோடு சேர்ந்து வெடிக்கும்படி செய்த ஒரு பறக்கும் குண்டுக்கும் ஸகுரா மலர் என்றே பெயர். 1945 ஏப்ரலில் சிரான் என்ற ஊரின் விமானத் தளத்தில், திரும்பி வராத பயணத்துக்குப் புறப்பட்ட விமானியை, பாடசாலை மாணவிகள் வரிசையில் நின்று பூத்த ஸகுராக் கொப்புகளை அசைத்து வழியனுப்பும் ஒரு படம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போது, அவர்களுக்கு என்ன கற்பித்திருக்கிறோம் என்று ஓர் ஆசிரியனாக எனக்கு நடுக்கம் வருகிறது.

அந்தப் போர் நம்மையும் தொடாமல் விடவில்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 9இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அங்கே ஸகுரா பூக்கும் மாதம்தான் அதுவும்.

மலர்ந்து உதிர்வதைக் கண்டு உலகத்தின் நிலையாமையை எண்ணுவது யப்பானியருக்கு மட்டும் உரியதல்ல. ஸூரத்துல் கஹ்பிலும் ஸூரத்துல் ஹதீதிலும் இவ்வுலக வாழ்வுக்கு அல்லாஹ் உவமை காட்டுவது, மழையால் செழித்துப் பின் காய்ந்து சருகாகிவிடும் பயிரைத்தான். அந்த உவமை மனிதனுக்கு மறுமையை நினைவூட்டுகிறது. எந்த ஓர் அரசனுக்காகவும் பிள்ளைகளைப் பலியிடும்படி அது சொல்லவில்லை.

போரின்போது அரகாவாக் கரையின் நிலையும் பரிதாபமாயிற்று. ஆற்று வேலைகளாலும் புகையாலும் ஏற்கனவே மெலிந்திருந்த மரங்களில் எஞ்சியவை, விறகுக்குத் திண்டாடிய காலத்தில் வெட்டப்பட்டுப் போயின. ஆனால் அவற்றின் கொப்புகள் முன்பே கடல் கடந்திருந்தன. 1912இல் டோக்கியோ மாநகரம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு 3,020 செரிக் கன்றுகளை அன்பளிப்பாக அனுப்பியது. (அதற்கு முன் 1910இல் அனுப்பிய 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால், அமெரிக்கர்கள் அவற்றை எரிக்க நேர்ந்தது.) இரண்டாவது முறை அனுப்பிய கன்றுகள் அரகாவாவிலிருந்து எடுத்த கொப்புகளை ஒட்டி உண்டாக்கப்பட்டவை. இரு நாடுகளும் போரில் இறங்கிய 1941 டிசம்பரில் அந்த வாஷிங்டன் மரங்களில் நான்கை யாரோ ஆத்திரத்தில் வெட்டிச் சாய்த்தார்கள். மற்றவை தப்பின. 1952இல் அரகாவாவை மீண்டும் உண்டாக்க யப்பான் உதவி கேட்டபோது, அந்த வாஷிங்டன் மரங்களிலிருந்தே கொப்புகள் திரும்பிச் சென்றன. நேற்றுவரை சண்டையிட்ட இருவர்!

வாரக் கடைசியில் நான் பாடம் நடத்தும் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுந்து, "காய்க்காத மரத்தை நட்டால் நன்மை கிடைக்குமா, மௌலவி?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை அந்த வகுப்பில்தான் படித்திருந்தோம். உண்ண ஒன்றுமில்லாத மரத்தை என்ன செய்வது?

நான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மூன்று விஷயங்களை அவர்கள் முன் வைத்தேன். ஸூரத்துந் நம்லில் அல்லாஹ் தன் வல்லமையை எடுத்துச் சொல்லும்போது, மழையைக் கொண்டு முளைப்பித்த தோட்டங்களை அழகும் மகிழ்ச்சியும் தருபவை என்றே வர்ணிக்கிறான். கண்ணுக்கு இதமளிப்பதும் அவனுடைய அருட்கொடைதான். கியாமத் நாள் வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட முடியுமானால் நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், அது என்ன கன்று, காய்க்குமா என்ற பேச்சே இல்லை. மூன்றாவது, அந்தப் பூக்களில் தேனீக்கள் இருக்கின்றனவே! அந்தப் பிள்ளை திருப்தியடைந்தாளோ தெரியாது. "அப்படியென்றால் எங்கள் வீட்டுச் செவ்வரத்தையை வெட்ட வேண்டாமென்று வாப்பாவிடம் சொல்கிறேன்" என்றாள். வெட்டுவதற்கு வாப்பாவிடம் வேறு காரணம் இருக்கலாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இங்ரம் 1948இல் செரி மரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1981 மே மாதத்தில், நூறு வயது நிறைந்தபின் காலமானார். அவருடைய வரலாற்றை நவோகோ அபே என்ற யப்பானியப் பெண் பத்திரிகையாளர் தேடியெடுத்து எழுதியிருக்கிறார். அதற்குப் பின்னரே யப்பானியரில் பலருக்கு அவர் பெயர் தெரியவந்தது.

இன்று உலகில் எங்கே ஒரு தைஹாகு நின்றாலும், அதன் வேரைத் தவிர்த்த மற்றதெல்லாம் வின்செல்ஸீயில் செத்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை மரத்தின் தொடர்ச்சிதான். கியோட்டோவில் நிற்பவையும் அவ்வாறே. இங்கிலாந்தின் வடக்கே அல்னிக் என்ற ஊரின் தோட்டத்தில் ஒரு சரிவு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட தைஹாகு மரங்களை நட்டிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் அவை பூக்கும். மரங்களுக்கிடையே ஊஞ்சல்கள் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளோடு வரும் தாய்மார்கள் அவற்றில் அமர்ந்து ஆடுகிறார்கள், மேலிருந்து வெள்ளை இதழ்கள் விழுந்துகொண்டிருக்கின்றன.